நம் கரையில் பாஸ்காப் பெருவிழா: முத்துச் சலாபம் முதல் உப்பளம் வரை



யூபிலி மலருக்குப் பங்கின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். கோயில் எழும்பிய விதமும், இங்குப் பணியாற்றிய குருக்களின் வரிசையும், பக்த சபைகளின் விவரமும் இம்மலரின் வேறு பக்கங்களில் வருகின்றன. ஆகவே நாம் வேறொன்றை எடுத்துக்கொண்டோம். நம் பங்குப் பேரவையில் ஈராண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்த ஒரு கேள்வியின் வரலாறே அது. பெரிய சனி இரவில் பாஸ்காத் திருவிழிப்பை எத்தனை மணிக்குத் தொடங்குவது? கேட்பதற்குச் சிறிய காரியமாகத் தோன்றும். ஆனால் அந்தக் கேள்வியால் இரண்டு கூட்டங்கள் பாதியில் கலைந்தன என்பதை உங்களில் பலர் அறிவீர்கள்.

நடந்தது இதுதான். நம் பங்கில் பெரிய சனி இரவு 11 மணிக்குப் புது நெருப்பு மந்திரித்து, நடுச்சாமத்தில் மணிகள் முழங்க, பின்னிரவில் திருப்பலி நிறைவுபெறுவது வழக்கமாக இருந்தது. ஒரு தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்தபின், உப்பளத்திற்கு வேலைக்குச் செல்லும் ஒரு தாய் நம்மிடம் வந்தார். “சாமி, ராத்திரி ரெண்டு மணிக்கு எங்களை ஏத்திக்கிட்டுப் போக வண்டி வந்துரும். நீங்க பூசை முடிக்கதும் வண்டி வாரதும் ஒண்ணாத்தான் இருக்கு. இந்த ஊருக்கு வந்த நாளையிலயிருந்து நான் உயிர்ப்புப் பூசை பாத்ததே இல்ல” என்றார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

அதே வாரத்தில் இளைஞர்களும் வந்தனர். பெரிய சனிப் பூசை விடிய விடிய நடப்பதால் உயிர்த்த ஞாயிறு முழுவதும் தூங்கியே கழிகிறது. பூசையைச் சற்று முன்னதாக வைத்தால் ஞாயிறன்று எல்லாரும் சேர்ந்து மணப்பாட்டிற்கோ கடற்கரைக்கோ போய்வரலாமே என்றனர். இரண்டு விண்ணப்பங்களையும் பேரவையில் வைத்தோம். எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் எழுந்தார். “சவேரியார் காலத்துல இருந்து நடுச்சாமப் பூசைதான். உப்பு வாரப் போறதுக்கும் பிக்னிக் போறதுக்கும் பாஸ்காவ மாத்துவியளா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அதன்பின் யாரும் பேசவில்லை.

நாமும் அப்போது அவர் பக்கமே சாய்ந்திருந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. நடுச்சாமத்தின் இருளும் அமைதியும் நமக்கும் பிடித்தமானவை. ஆயினும் சவேரியார் பெயரை அவர் எடுத்ததால், குருமடத்தில் படித்த வழிபாட்டு வரலாற்றை மீண்டும் புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

புனித சவேரியார் இக்கரைக்கு வந்தது 1542 அக்டோபரில். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1535 முதல் 1537 வரையிலான காலத்தில், பரத மக்கள் திரளாக ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆனால் மந்திரம் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. சவேரியார் கையில் மணியுடன் தெருத்தெருவாய்ச் சென்று சிறுவர்களைக் கூட்டினார்; விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் கற்பனைகளையும் தமிழில் மனப்பாடம் செய்வித்தார். இக்கரையில் அவருக்கு வாய்த்த முதல் உயிர்ப்புப் பெருவிழா 1543 மார்ச் 25ஆம் நாள் வந்தது. மங்கள வார்த்தைத் திருநாளும் உயிர்த்த ஞாயிறும் ஒரே நாளில் விழுந்த ஆண்டு அது.

அந்த நாளில் சவேரியார் நடுச்சாமப் பூசை வைத்திருப்பாரா? வைத்திருக்க வழியில்லை. பண்டைத் திருச்சபையில் இரவு முழுவதும் நடந்த பாஸ்காத் திருவிழிப்பு நடுக்காலத்தில் மெல்ல மெல்ல முன்னே நகர்ந்து, சனிக்கிழமை பகலுக்கே வந்துவிட்டிருந்தது. 1566ல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் பிற்பகலில் பூசை வைப்பதையே தடைசெய்தார். அதன்பின் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள், உலகெங்கும் இலத்தீன் ரீதிக் கோயில்களில் புது நெருப்பு மூட்டப்பட்டது பெரிய சனிக்கிழமை காலையில்தான். இரவின் மகிமையைப் பாடும் பாஸ்காப் புகழுரையைத் திருத்தொண்டர் பட்டப்பகல் வெளிச்சத்தில் நின்று பாடினார். படிக்கும்போது நமக்கே சிரிப்பு வந்தது. ஆனால் நம் முன்னோர் அறிந்த பாஸ்கா அதுதான்.

நேரத்தைத் தேடிச் சென்ற இடத்தில் வேறொரு செய்தியும் கிடைத்தது. அதுதான் இக்கட்டுரைக்கு உயிர்.

உயிர்த்த ஞாயிறு மார்ச் 22க்கு முன்போ ஏப்ரல் 25க்குப் பின்போ வருவதில்லை. நம் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலமும் அதுவே. வடகிழக்குக் காற்று அடங்கி, தென்மேற்குக் காற்று எழும்புமுன், கடல் தெளிந்து அமைதியாயிருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் குளியாளிகள் பாரில் இறங்க முடியும். 1563 முதல் 1581 வரை கீழை நாடுகளில் சுற்றிய வெனிசு வணிகர் சீசர் பிரெடரிக் நம் கரையின் சலாபத்தைக் கண்ணாரக் கண்டு எழுதியிருக்கிறார். மார்ச்சு அல்லது ஏப்ரலில் தொடங்கி ஐம்பது நாள் நடக்கும் என்கிறார். முதலில் தேர்ந்த குளியாளிகளை அனுப்பிச் சிப்பி மிகுந்த இடத்தைப் பார்ப்பார்களாம். அதற்கு நேரே கரையில் வீடுகளும் கடைத்தெருவுமாக ஓர் ஊரே எழும்புமாம். சலாபம் முடிந்ததும் அந்த ஊரும் கலைந்துவிடுமாம். முக்குளித்தோர் அனைவரும் நாட்டுக் கிறிஸ்தவர்கள் என்றும், போர்த்துக்கல் அரசனுக்கும் சேசு சபையாரின் கோயில்களுக்கும் ஒரு வரி கொடுத்தால் யாரும் குளிக்கப் போகலாம் என்றும் எழுதுகிறார். மூன்று நான்கு தோணிகள் கூட்டாகச் சேர்ந்து தொழில் செய்வதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. ஒருவன் கல்லைக் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பாகம் ஆழத்திற்கு இறங்கும்போது, அவன் உயிர் மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் கையில் அல்லவா இருக்கிறது! அங்கே நட்பு என்பது பேச்சுக்குச் சொல்வதன்று.

அரசனுக்குப் போனது எவ்வளவு, கோயிலுக்குப் போனது எவ்வளவு, மூச்சடக்கி இறங்கியவன் கைக்கு வந்தது எவ்வளவு என்ற கணக்கை நம்மைப் போன்ற குருக்கள் சற்றுக் கூச்சத்தோடுதான் வாசிக்க வேண்டும். அது நிற்க.

பெரிய வியாழன் முதல் உயிர்த்த ஞாயிறு வரை வரும் நாட்கள் நம் முன்னோருக்கு ஆண்டின் மிக வளமான வாரங்களுக்குள்ளேயே வந்து விழுந்தன. ஆண்டு முழுவதும் வாங்கிய கடனை அடைப்பது அந்த ஐம்பது நாளில்தான். சில ஆண்டுகளில் சலாபமே கிடையாது. அப்படிப்பட்ட வேளையிலும் நம் மக்கள் ஓய்வு நாளை விட்டுக்கொடுக்கவில்லை. ஆங்கிலேயர் நடத்திய இலங்கைச் சலாபங்களில்கூட ஞாயிற்றுக்கிழமை தோணி இறங்கவில்லை. குளியாளிகளில் பெரும் பகுதியினர் நம் கரைக் கத்தோலிக்கர் என்பதே அதற்குக் காரணம். கூடவே குளித்த கீழக்கரை முஸ்லிம்களுக்கும் அரேபியருக்கும் அந்த ஓய்வு கிடைத்தது. எசமானின் இரக்கத்தால் வந்த விடுமுறையன்று அது. தொழிலாளியின் விசுவாசத்தால் வந்த விடுமுறை.

இங்கே திருச்சபைச் சட்டப் பாடத்திலிருந்து ஒரு செய்தியைச் சொல்ல ஆசைப்படுகிறோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நார்வே நாட்டு மக்களுக்கு ஒரு சங்கடம் உண்டாயிற்று. மத்தி மீனுக்கு உறவான ஹெரிங் என்னும் மீன் கூட்டம் கூட்டமாகக் கரையை அண்டி வரும். இரண்டொரு நாளில் போய்விடும். அது ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்வது? 1159 முதல் 1181 வரை ஆண்ட பாப்பரசர் மூன்றாம் அலெக்சாந்தர் அந்நாட்டு மேற்றிராணியாருக்கு விடை எழுதினார். பெரிய திருவிழாக்கள் நீங்கலாக, ஞாயிறுகளிலும் மற்றத் திருநாட்களிலும் மீன் கரையை அண்டினால், தேவையை முன்னிட்டுப் பிடிக்கலாம்; ஆனால் பிடித்தபின் சுற்றியுள்ள கோயில்களுக்கும் கிறிஸ்துவின் ஏழைகளுக்கும் தகுந்த பங்கு கொடுக்க வேண்டும். இந்த விடை பின்னர்த் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலேயே இடம்பெற்றது. சட்டம் என்றால் இரும்பு என்று நினைப்போர் இதைக் கவனிக்கவேண்டும். கடலில் பிழைப்பவனின் நேரத்தைத் திருச்சபை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கில் எடுத்திருக்கிறது. பாஸ்கா போன்ற பெருவிழாவை மட்டும் அது விட்டுக்கொடுக்கவில்லை.

1658ல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. சேசு சபைக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர், கோயில்கள் பறிபோயின. பால்தேயுஸ் என்ற போதகர் வந்து மக்களைத் தம் மறைக்குத் திருப்ப முயன்று, முடியாமல் போனார். அந்தக் காலத்தில் நம்மவர் பாஸ்காவை எத்தனை மறைவாகக் கொண்டாடியிருப்பர் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆனால் ஒரு புனித வாரத்தைப்பற்றி மட்டும் ஒரு குறிப்பு உண்டு. 1687ஆம் ஆண்டு, குருத்தோலை ஞாயிறன்று, கோவாவிலிருந்து புறப்பட்ட ஒரு குரு நம் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் குருவின்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கரைத் தேடி, மாறுவேடத்தில் கடல் கடக்க வந்தவர் அவர். இங்கிருந்தே அக்கரைக்குச் சென்று யாழ்ப்பாணத்தில் தம் பணியைத் தொடங்கினார். அவர்தாம் யோசேப் வாஸ். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். குருத்தோலை ஞாயிறன்று நம் தெருக்களில் பவனி வரும்போது இதை நினைவுகூர்வோர் நம்மில் எத்தனை பேர்?

இனிப் பழைய பெரிய சனியைப்பற்றி நம் பெரியோர் சொல்லக் கேட்டதை எழுதுகிறோம். 1956க்கு முன் பெரிய வியாழன், பெரிய வெள்ளி வழிபாடுகளும் காலையிலேயே முடிந்துவிடும். வியாழன் காலை ‘உன்னதங்களிலே’ பாடியதும் மணிகள் ஓயும்; பிறகு சனிக்கிழமை வரை மரப்பலகைத் தட்டின் ஓசைதான். வெள்ளியன்று சடங்கில் நற்கருணை வாங்கியவர் குரு ஒருவரே. மக்களின் பக்தியெல்லாம் பிற்பகலுக்கும் இரவுக்கும் காத்திருந்தது: சிலுவைப்பாதை, பாடுகளின் பிரசங்கம், பிறகு ஆண்டவரின் திருச்சுரூபத்தைக் கிடத்திய தூம்பாப் பவனி. தூம்பா என்பது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். சில ஊர்களில் பாஸ்கு நாடகமும் நடந்தது; அக்கரையில் மன்னாரை அடுத்த பேசாலையில் ஆளுயரப் பாவைகளைக் கொண்டு நடத்தும் உடக்குப் பாஸ் பெயர் பெற்றது. 1560ல் புன்னைக்காயலிலிருந்து நம் மக்களில் பலர் மன்னாருக்குக் குடியேற்றப்பட்டனர் என்பதை நினைத்தால், அந்த உறவு புரியும்.

சனிக்கிழமை விடிந்ததும் கோயில் முற்றத்தில் நெருப்பு. பன்னிரண்டு தீர்க்கதரிசன வாசகங்கள், எல்லாம் இலத்தீனில். மக்களுக்கு ஒன்றும் புரியாது, செபமாலையை உருட்டிக்கொண்டிருப்பார்கள். திடீரெனத் திரை விலகும். மணிகள் எல்லாம் சேர்ந்து முழங்கும். வீட்டுக்குக் கொண்டுபோகச் செம்பிலும் குப்பியிலும் புதுத் தீர்த்தம் பிடிக்க ஒரே நெரிசல். அன்றைய சட்டப்படி தவக்கால ஒறுத்தல் சனிக்கிழமை நண்பகலோடு முடிந்துவிடும். “பகல் பன்னிரண்டு அடிச்சதும் எங்கம்மா அம்மியில மசாலா வச்சிருவா. தெருப் பூரா கறி வாசந்தான்” என்று ஒரு மூதாட்டி நம்மிடம் சொன்னார். சனி பிற்பகலே பாஸ்கா விருந்து, உறவினர் வருகை, தெருவில் பிள்ளைகளின் ஆட்டம். ஞாயிறன்று மற்றொரு பாடல் பூசை. ஆண்டவர் கல்லறையில் கிடக்கும் நேரத்தில் ஊரே விருந்துண்டது என்பது வழிபாட்டு அறிஞர்களுக்கு உறுத்தலாக இருந்ததில் வியப்பில்லை.

அந்த உறுத்தலைத் தீர்த்தவர் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர். 1951ல் இரவு விழிப்பைச் சோதனை முறையில் அனுமதித்தார். 1955 நவம்பர் 16ஆம் நாள் வெளியான ஆணையின் வழியாகப் புனித வாரம் முழுவதையும் திருத்தியமைத்தார். 1956 மார்ச் 25, குருத்தோலை ஞாயிறு முதல் அது நடைமுறைக்கு வந்தது. திருவிழிப்புத் திருப்பலி நடுச்சாமத்தில் தொடங்கும்படி நேரத்தை அமைப்பதே தகும் என்று அந்த ஆணைதான் சொன்னது. நம் பெரியவர் கட்டிக்காக்க விரும்பிய நடுச்சாமப் பூசை, 1956 மார்ச் 31ஆம் நாள் இரவில்தான் எங்கும் கட்டாய முறையாயிற்று. பெரியவர் அதைவிட வயதில் மூத்தவர்!

1970ல் வந்த புதிய திருப்பலிப் புத்தகம் நடுச்சாமத்தை வற்புறுத்தவில்லை. இருட்டியபின் தொடங்கவேண்டும், ஞாயிறு விடியுமுன் முடிக்கவேண்டும்; அவ்வளவே. அந்தச் சட்டமே இன்றும் நிற்கிறது.

நம் கரைக்கு இன்னுமொரு பொருத்தமும் உண்டு. 1928க்குப்பின் நின்றுபோயிருந்த முத்துச் சலாபம், 1955ல் மீண்டும் தொடங்கி 1961 வரை நடந்தது. இரவுப் பாஸ்கா வந்த காலமும் கடைசிச் சலாபங்களின் காலமும் ஒன்றே. 1961க்குப் பிறகு நம் கடலில் முத்துச் சலாபம் நடக்கவில்லை. ஊரின் பிழைப்பு வேறு திசையில் திரும்பிற்று. 1974ல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று. உரத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் அடுத்தடுத்து வந்தன. உப்பளங்களோ முன்பிருந்தே விரிந்துகொண்டிருந்தன. கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் நம் மில்லர்புரம் போன்ற பகுதிகளில் கடற்கரைக் குடும்பங்களும் தேரிக்காட்டுக் குடும்பங்களும் கரிசல் காட்டுக் குடும்பங்களும் கலந்து குடியேறின. ஆகவே நம் பங்கில் எல்லாருக்கும் பொதுவான வேலை நேரம் என்று ஒன்று இல்லை. இங்கே ஒருவருக்கு விடியற்காலை என்பது இன்னொருவருக்கு வேலை முடியும் நேரம்.

முத்துக்கு வந்த இடத்தில் இப்போது உப்பு. மார்ச்சு, ஏப்ரல் மாதங்கள் உப்பு விளைச்சலுக்கும் நல்ல மாதங்கள். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. வெண்மையின் கூச்சம் கண்ணைக் கெடுக்கும். உப்புநீர் பாதத்தைத் தின்னும். ஆகவேதான் பின்னிரவிலேயே வண்டி வருகிறது. போகாத நாளுக்குக் கூலி இல்லை. முத்துத் தோணி ஞாயிறன்று கரையில் நின்றது. உப்பள வண்டி உயிர்த்த ஞாயிறன்றும் வருகிறது. இந்த வேறுபாட்டை நாம் படித்தறிந்தபோது, அந்தத் தாயின் சொல் முன்பைவிடக் கனமாக ஒலித்தது.

இளைஞர்களின் விண்ணப்பத்தைப்பற்றியும் சொல்லவேண்டும். இதில் நம் தவறு ஒன்று உண்டு. முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், உயிர்த்த ஞாயிறு பிற்பகல் வேன் எடுத்துக் கடற்கரைக்குச் சென்ற பிள்ளைகளை அடுத்த வாரம் பிரசங்கத்தில் கடிந்துகொண்டோம். “பாஸ்கா என்பது சுற்றுலாவா?” என்று கேட்டோம். பூசை முடிந்தபின், அவர்களில் ஒருவன் பீடப்பணி அறைக்கு வந்து, “சாமி, நாங்க எல்லாரும் பூசை பாத்துட்டுத்தான் போனோம். போன எடத்துல செபமும் சொன்னோம்” என்றான். நம்மிடம் பதில் இல்லை. அடுத்த ஞாயிறே பீடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அப்போது அந்தத் துணிவு வரவில்லை. இங்கே எழுதுவதோடு அந்தக் கடனை ஓரளவு தீர்க்கிறோம்.

உண்மையில், வேதாகமத்தைத் திறந்தால் முதல் உயிர்த்த ஞாயிற்றின் பிற்பகலில் என்ன நடக்கிறது? இரண்டு நண்பர்கள் ஊரைவிட்டு எம்மாவுக்கு நடந்து போகிறார்கள். ஆண்டவர் அவர்களை வழிமறித்து, “கோயிலுக்குப் போகாமல் எங்கே போகிறீர்கள்?” என்று கேட்கவில்லை; கூட நடக்கிறார். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் திபேரியாக் கடற்கரையில் அவரே கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். இத்தாலி நாட்டில் உயிர்ப்புத் திங்களைச் சின்னப் பாஸ்கா என்றழைத்து, குடும்பம் குடும்பமாக வயல்வெளிக்குச் சோறு கட்டிக்கொண்டு போவது வழக்கம். போலந்தில் அன்று ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுவர். போர்த்துக்கல்லின் வடபகுதியில் சிலுவையை ஏந்தி வீடு வீடாகச் செல்வர். ஒவ்வொரு வீட்டிலும் பலகாரம் வைத்துக் காத்திருப்பர். போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றதில் மக்ரூனை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். இந்த வழக்கத்தையும் சேர்த்து வைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். முத்துச் சலாபத்து ஊரில் கடைத்தெருவும் கூட்டாளிகளும் கடலும் பூசையும் ஒரே மணல்மேட்டில்தானே இருந்தன!

பெரியவர் சொன்னதில் ஒரு பாதி சரிதான் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். சனிக்கிழமை மாலையே காரில் ஏறி மலைவாசத்தலத்திற்குப் போய், திங்களன்று திரும்பி வரும் குடும்பங்கள் நம் பங்கில் இல்லாமல் இல்லை. மூன்று நாள் விடுமுறை கிடைத்தது என்பதைத் தவிர அவர்களுக்குப் பாஸ்கா வேறொன்றையும் தந்திருக்குமா என்று தெரியவில்லை. அவர்களுக்கு எந்த மணியும் ஒத்துவராது. ஆனால் அவர்களை மனதில் வைத்து, உப்பளத் தாய்க்குக் கதவை அடைப்பது நியாயமாகாது.

இவற்றையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு அடுத்த பேரவைக் கூட்டத்தில் வாசித்தோம். 1956 என்ற ஆண்டைச் சொன்னதும் பெரியவர் நிமிர்ந்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஆமா சாமி, இப்பத்தான் ஞாபகம் வருது. சின்னப்பையனா இருக்கயில நான் மெழுகுதிரி பிடிச்சிருக்கேன். வெயில்ல திரி வளைஞ்சு போச்சு. எங்க அய்யா ரெண்டு கையாலயும் நிமித்திவிட்டாவ. அது காலைலதான்” என்றார். வெயிலில் வளைந்த அந்தத் திரியைவிடப் பெரிய சான்று நம் புத்தகங்களில் எதிலும் கிடைக்கவில்லை. தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே.

இடையில் 2020 ஏப்ரல் 12ஆம் நாள் வந்த உயிர்த்த ஞாயிற்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொள்ளைநோய்க்காகக் கோயில்கள் பூட்டப்பட்டிருந்தன. உரோமையில் பாப்பரசர் ஏறத்தாழ வெறுமையான பேராலயத்தில் திருப்பலி நிறைவேற்றினார். நாமும் உபதேசியாரும் மட்டும் நின்று புது நெருப்பு மூட்டினோம். அந்த ஆண்டு எத்தனை மணிக்குப் பூசை என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதிய ஏற்பாடு இப்போது நடைமுறையில் உள்ளது. ஏப்ரல் மாதத்தில் நம் ஊரில் ஆறரை மணி வாக்கில் பொழுது சாய்கிறது. நன்றாக இருட்டிய பின், இரவு 7.30க்குப் புது நெருப்பு மந்திரிக்கிறோம். வாசகங்களைக் குறைக்கவில்லை, பத்து மணிக்குள் எல்லாரும் வீடு திரும்பிவிடுகிறார்கள். இரவுப்பணிக்குத் துறைமுகம் செல்வோரில் சிலர் பாதிவரை நின்று மெழுகுதிரியை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். உயிர்த்த ஞாயிறு காலைத் திருப்பலி வழக்கம்போல உண்டு. மாலை நான்கு மணிக்கு, உப்பளத்திலிருந்து திரும்பியவர்கள் உறங்கி எழுந்தபின், அன்பியம் அன்பியமாக முத்துநகர் கடற்கரைக்குப் போகிறோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பலகாரம். இளைஞர்கள் கேட்ட மணப்பாட்டுப் பயணம் அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. 1581ல் மணல்குன்றின்மேல் எழும்பிய திருச்சிலுவைக் கோயிலையும் சவேரியார் தங்கிய குகையையும் பார்த்துவிட்டு, இருட்டுமுன் திரும்பிவிடுகிறார்கள். முதல் ஆண்டில் வேனில் இடம் போதாமல் நம்மைப் பின்னிருக்கையில் நெருக்கி உட்காரவைத்தார்கள். இருமுறை தலை இடித்தது.

முதன்முதலாக 7.30க்குத் திருவிழிப்பு நடந்த ஆண்டில், அந்தத் தாய் தம் இரு மக்களுடன் மூன்றாவது வரிசையில் நின்றிருந்தார். மறுநாள் மாலை கடற்கரையில் நம்மைப் பார்த்ததும் வந்து, தீர்த்தக் குப்பியைச் சோற்றுப் பையில் வைத்து உப்பளத்திற்கே கொண்டுபோனதாகச் சொன்னார். “கூட வேலை செய்யுதவுகளுக்கும் குடுத்தேன் சாமி. இந்து ஆளுகளும் கையில வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாவ. மிச்சத்த பாத்தியில தெளிச்சிட்டேன்” என்றார். தீர்த்தத்தை அப்படிச் செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம் என்றோம்.

ஒரு காரியம் மட்டும் இன்னும் தீரவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு ஏறி இரவு பத்துக்கு இறங்கும் முறைப்பணியில் இருப்பவர்களுக்கு 7.30 மணி உதவவில்லை. பழைய நடுச்சாமப் பூசையே அவர்களுக்கு வசதியாயிருந்தது. அவர்களில் நால்வர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று சென்ற மாதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. வரும் பேரவைக் கூட்டத்தில் முதல் பொருளாக அதை எடுத்துக்கொள்வதாக அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்.